எலெக்ட்ரிக் கார் வாங்கும் முன்: ஷோரூம் சுற்றா, அரைநாள் ஓட்டமா, இரண்டு நாள் வாடகையா?

எலெக்ட்ரிக் காரை முதல்முறை ஓட்டிவிட்டு முகம் சுளித்தபடி இறங்குபவர் அநேகமாக இல்லை. பெடலைத் தொட்டதும் வண்டி சீறுகிறது. கியர் இல்லை, கிளட்ச் இல்லை, இன்ஜின் இரைச்சல் இல்லை. பல வருடம் டீசல் கார் ஓட்டியவருக்கு ஐந்தாவது கிலோமீட்டரிலேயே மனம் சாய்ந்துவிடும். சிக்கலே அதுதான். அந்தச் சுகம் சின்ன டாடா டியாகோவிலும் உண்டு, அதைப்போல மூன்று மடங்கு விலையுள்ள எஸ்யூவியிலும் உண்டு. எதை வாங்குவது என்று அது சொல்லாது.

சொல்லக்கூடியவை வேறு நான்கு. நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கி.மீ. ஓடுகிறது? உங்கள் வீட்டு பிளக்கில் செருகினால் ஒழுங்காக ஏறுகிறதா? வழியில் சார்ஜ் போட எத்தனை நிமிடம் நிற்க வேண்டும்? பின்சீட்டில் இருப்பவர் இரண்டு மணி நேரம் தாங்குவாரா? இவற்றில் கடைசியை மட்டும்தான் ஷோரூமைச் சுற்றி வந்து ஓரளவு ஊகிக்க முடியும்.

வாங்கும் முன் ஓட்டிப் பார்க்க மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, எல்லோரும் செய்கிற ஷோரூம் சுற்று: அரைமணி நேரம், ஐந்தாறு கி.மீ., செலவில்லை. இரண்டு, டீலரிடம் கேட்டு வாங்கும் அரைநாள் ஓட்டம்: 60, 70 கி.மீ., கூடவே அவர்களது ஆள். கேட்டால்தான் கிடைக்கும், கேட்டாலும் மாதக் கடைசியில் கிடைக்காது. மூன்று, அதே மாடலை செல்ஃப் டிரைவ் நிறுவனத்தில் இரண்டு நாள் வாடகைக்கு எடுப்பது. இதற்குக் கைக்காசு செலவாகும். ஆனால் மேலே சொன்ன நான்கு கேள்விக்கும் இது ஒன்றுதான் பதில் சொல்லும்.

ஒரு சொல்லைப் பற்றி முன்கூட்டியே: பேட்டரி அளவை நிறுவனங்கள் கிலோவாட்-ஹவர் என்று எழுதுகின்றன. ஈபி மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டும் அதுவும் ஒன்றுதான். 45 கிலோவாட்-ஹவர் பேட்டரி என்றால் 45 யூனிட் கொள்ளும் தொட்டி. இங்கே எல்லா இடத்திலும் யூனிட் என்றே சொல்லப்படுகிறது; கணக்கும் பில்லும் அப்போதுதான் ஒத்துப்போகும்.

ஷோரூம் சுற்று

இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். இதை வைத்து ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், எவ்வளவு என்று கணக்குப் போடாமல் இருந்தால் போதும். டெமோ வண்டியின் திரையில் "மீதி 190 கி.மீ." என்று காட்டுவதைப் பார்த்துப் பயப்படுவதும், "மீதி 310" என்று காட்டுவதைப் பார்த்து மகிழ்வதும் ஒரே தவறு. கடைசியாக ஓட்டியவர்கள் எப்படி ஓட்டினார்களோ அதை வைத்துக் கார் போடும் ஊகம் அது. டெமோ காரை ஓட்டுகிற எல்லோரும் ஒருமுறையாவது பெடலைத் தரையோடு அழுத்திப் பார்த்திருப்பார்கள். அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு?

வார நாளில் காலையில் போங்கள். ஞாயிறு மாலை போனால் பேட்டரி 20 சதவீதத்தில் இருக்கும், உங்களுக்குப் பின்னால் மூன்று குடும்பம் காத்திருக்கும். சார்ஜ் குறைந்த நிலையில் சில கார்கள் மோட்டாரின் சக்தியைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். அதை வைத்துக் காரை மந்தம் என்று எழுதிவிடக் கூடாது. கிளம்பும் முன் டயரில் காற்று எவ்வளவு என்று கேளுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள அளவுக்கு மேல் அடைத்து வைத்திருந்தால் வண்டி குண்டுகுழியில் தூக்கிப்போடும். பழி சஸ்பென்ஷன் மேல் விழும்.

வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். பேட்டரி தரைக்கு அடியில் படுத்திருப்பதால் பல எலெக்ட்ரிக் கார்களில் உள்தரை உயர்ந்துவிடும், சீட் மட்டும் அதே உயரத்தில் இருக்கும். விளைவு, பின்சீட்டில் உட்காருபவரின் முழங்கால் மேலே எழும்பி, தொடைக்குத் தாங்கல் இல்லாமல் போகும். பெட்ரோல் காரை அப்படியே எலெக்ட்ரிக்காக மாற்றிய மாடல்களில் இது கூடுதலாகத் தெரியும். ஐந்து நிமிடத்தில் தெரியாது. அப்பா அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, கடைசிவரை இறங்காமல் இருக்கச் சொல்லுங்கள். எம்ஜி விண்ட்சர் இந்த ஒரு விஷயத்தில் மற்றவற்றைவிடச் சொகுசு: பின்சீட்டின் முதுகு 135 டிகிரி வரை சாயும். பெரியவர்களை அடிக்கடி அழைத்துப் போகும் குடும்பத்துக்கு ரேஞ்சைவிட இது பெரிய காரணமாக இருக்கலாம்.

நால்வர் ஏறிய பிறகு ஒரு உயரமான வேகத்தடையைத் தாண்டுங்கள். அடிவயிற்றில் உரசல் சத்தம் கேட்கிறதா? பெட்ரோல் காரில் உரசினால் தகடு நசுங்கும். இங்கே அந்த இடத்தில் இருப்பது காரிலேயே விலை உயர்ந்த பாகம். விற்பனையாளர் சொல்லும் கிரவுண்ட் கிளியரன்ஸ் காலி வண்டிக்கானதா, ஆள் ஏறிய வண்டிக்கானதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அப்பார்ட்மென்ட்டில் பேஸ்மென்ட் பார்க்கிங் என்றால், ஷோரூம் பக்கத்தில்தான் வீடு என்றால், அந்தச் சரிவில் ஒருமுறை இறங்கி ஏறிவிடுவது உத்தமம்.

ரீஜென் என்பதைக் கட்டாயம் ஒவ்வொரு நிலையாக மாற்றிப் பாருங்கள். பெடலிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் டைனமோவாக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பும். நிலை கூடக்கூட, காலை எடுத்தவுடன் வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுத்ததுபோல் நிற்கும். ஓட்டுபவருக்கு இது பழகிவிடும், பின்சீட்டில் இருப்பவருக்குக் குமட்டும். எனவே நிலை மாற்றுவது எவ்வளவு எளிது என்பது முக்கியம். டாடா நெக்ஸானிலும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக்கிலும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்புகளால் விரல் நுனியில் மாற்றலாம். தொடுதிரைக்குள் போய் மாற்ற வேண்டிய கார்களில் முதல் வாரத்துக்குப் பிறகு யாரும் மாற்றுவதில்லை. சிக்னலில் நிற்கும் கடைசி பத்தடியையும் கவனியுங்கள்: ரீஜென் விலகி உண்மையான பிரேக் பிடிக்கும் அந்த நொடியில் பெடல் வழுவழுவென இருக்கிறதா, வெட்டுகிறதா?

கடைசியாக, காரை நிறுத்தி, பூட்டி, திறந்து, மூன்று முறை ஸ்டார்ட் செய்யுங்கள். திரை உறைந்து நிற்பது, போன் இணையாமல் போவது, காரணமில்லாமல் மஞ்சள் விளக்கு எரிவது: எலெக்ட்ரிக் காரில் வருகிற புகார்களில் பெரும்பங்கு மோட்டாரில் அல்ல, மென்பொருளில்தான். டிக்கியையும் திறந்து பாருங்கள். பல மாடல்களில் ஸ்டெப்னிக்குப் பதிலாக பஞ்சர் ஒட்டும் டப்பாதான் இருக்கும்.

அரைநாள் ஓட்டம்

இதற்கு ஒரே நோக்கம்: ஒரு யூனிட்டுக்கு எத்தனை கி.மீ. என்று அளப்பது. அளக்காமல் 60 கி.மீ. ஓட்டினால் பெட்ரோல் பங்க் பக்கம் போகாத உல்லாசப் பயணம், அவ்வளவுதான்.

நிறுவனம் விளம்பரத்தில் சொல்லும் ரேஞ்ச் பொய் அல்ல, அது வேறொரு உலகத்து எண். எம்ஐடிசி எனப்படும் இந்தியச் சோதனை ஆய்வுக்கூடத்து உருளைமேல் நடக்கிறது. அதன் நகரப் பகுதியில் சராசரி வேகம் மணிக்கு 20 கி.மீ.க்கும் குறைவு, நெடுஞ்சாலைப் பகுதியிலும் உச்ச வேகம் 90தான். ஏசி ஓடாது. நெக்ஸான் 45 யூனிட் காருக்கு அந்தச் சோதனை தந்த எண் 489 கி.மீ. அதே காருக்கு, வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கிடைக்கும் ரேஞ்ச் என்று டாடாவே சொல்வது 350-க்குச் சற்று மேல். இந்த இரண்டாவது எண்ணிலும் நகர ஓட்டம் கலந்திருக்கிறது. நான்கு வழிச்சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போனால் இன்னும் இறங்கும்.

ஏன் என்பது எளிது. காற்று எதிர்க்கும் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது. 80-லிருந்து 100-க்குப் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றோடு மல்லுக்கட்டும் செலவு ஒன்றரை மடங்குக்கும் மேல். பெட்ரோல் காரிலும் இதே கதைதான். ஆனால் அதில் நகரத்து நெரிசலில் இன்ஜின் வீணடிப்பது அதிகம் என்பதால் ஹைவேயில் மைலேஜ் கூடுவதாகத் தெரியும். எலெக்ட்ரிக் கார் நெரிசலில் வீணடிப்பது குறைவு; அதனால் ஹைவேயில்தான் ரேஞ்ச் குறையும். புதிதாக வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இந்தத் தலைகீழ்க் கணக்கில்தான்.

முறை இது. காற்றை ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குச் சரிசெய்து, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, பேட்டரி சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏசி 24-ல். போன வழியே திரும்பி வந்து கிளம்பிய இடத்திலேயே முடியுங்கள். மேடு, பள்ளம், எதிர்க்காற்று எல்லாம் ஓரளவு நேர்செய்துகொள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருவழி மட்டும் அளந்தால் கடற்காற்று உங்களை எந்தப் பக்கமும் ஏமாற்றலாம். 20 சதவீதமாவது இறங்கும்வரை ஓட்டுங்கள். திரை முழு எண்ணை மட்டுமே காட்டுவதால், 5 சதவீதம் இறங்கியதை வைத்துக் கணக்கிட்டால் பிழையே பெரிதாகிவிடும்.

ஒரு கணக்கு: 45 யூனிட் கார். 82 சதவீதத்தில் கிளம்பி 60-ல் முடிந்தது. 22 சதவீதம், அதாவது 9.9 யூனிட். ஓடியது 66 கி.மீ. ஆக ஒரு யூனிட்டுக்கு 6.7 கி.மீ. முழுத் தொட்டிக்கு 300. ஆனால் வழியில் யாரும் 100-லிருந்து 0 வரை ஓட்டுவதில்லை. 90-ல் கிளம்பி 15-ல் சார்ஜருக்குப் போய்ச் சேர்வதுதான் நிஜம். 75 சதவீதம்: 225 கி.மீ. விளம்பரத்தில் பார்த்த எண்ணை அழித்துவிட்டு இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கி.மீ. இந்தக் காரில் ஒரு நிறுத்தம், நிச்சயமாக. முன்னால் போகும் லாரியை விரட்டி 110-ல் போனால் அந்த நிறுத்தம் நீளும்.

ஏசியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு, ஹைவேயில் ஏசி ரேஞ்சைத் தின்றுவிடும் என்று. வெயிலில் நின்ற காரைக் குளிர்விக்கும் முதல் சில நிமிடம் போக, ஏசி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 90-ல் போகும்போது அந்த ஒரு யூனிட் 90 கி.மீ.க்குப் பகிரப்படும், தெரியவே தெரியாது. மே மாத நெரிசலில் மணிக்கு 15 கி.மீ. ஊர்ந்தால் அதே யூனிட் 15 கி.மீ.க்குள் தீர்ந்துவிடும். கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் ஆறு மடங்கு. ஹைவேயில் வியர்வையோடு ஓட்டுவது வீண் தியாகம்.

அரைநாள் ஓட்டத்தின் பலவீனம், கூட வரும் ஆள். அவர் இருக்கும்வரை நீங்கள் இயல்பாக ஓட்ட மாட்டீர்கள், குடும்பம் இயல்பாகப் பேசாது. சார்ஜருக்குப் போகலாமா என்று கேட்டால் நேரமாகிவிடும் என்பார். அது நியாயமும்கூட.

இரண்டு நாள் வாடகை

எடுக்கும் முன் ஒன்றை உறுதிசெய்யுங்கள்: அதே பேட்டரிதானா? நெக்ஸான் என்ற பெயரில் 30, 40.5, 45 யூனிட் என்று மூன்று வகை தெருவில் ஓடுகின்றன. விண்ட்சரில் 2024 செப்டம்பரில் வந்தது 38 யூனிட். 2025 மே மாதம் வந்த ப்ரோ 52.9. கிரெட்டா எலெக்ட்ரிக்கில் 42, 51.4. வாடகைக்கு இருப்பவை பெரும்பாலும் பழையதும் சிறியதும்தான். பேட்டரி அளவு வேறாக இருந்தாலும் ஒரு யூனிட்டுக்கு எத்தனை கி.மீ. என்ற எண் பெரிதாக மாறாது, அதை நம்பலாம். சார்ஜ் ஏறும் நேரத்தை நம்பக் கூடாது. சில வாடகை வண்டிகளில் 80-ல் வேகக் கட்டுப்பாடு போட்டிருப்பார்கள். அப்படியானால் 100-க்கான எண் கிடைக்காது. டிக்கியில் போர்ட்டபிள் சார்ஜர் இருக்கிறதா, எத்தனை சதவீதத்தில் திருப்பித் தர வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

முதல் இரவு வீட்டில் செருகுங்கள். மற்ற எல்லாச் சோதனையையும்விட இதற்கு விலை அதிகம். காரோடு வரும் போர்ட்டபிள் சார்ஜர் சாதாரண 15 ஆம்ப்ஸ் பிளக்கில் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏற்றும். 45 யூனிட் காரை 20-லிருந்து 90-க்கு ஏற்ற 31.5 யூனிட் வேண்டும். வழியில் வெப்பமாகப் போவது பத்து சதவீதம் என்றால் மீட்டரில் 35. பன்னிரண்டு மணி நேரம். இரவு ஒன்பதுக்குச் செருகினால் காலை ஒன்பது. கீசரும் அதே பிளக்கில்தான் ஓடுகிறது என்பார்கள். கீசர் இருபது நிமிடத்தில் அணைந்துவிடும். கார் விடிய விடிய இழுக்கும். மெல்லிய ஒயரும் தளர்ந்த பிளக்கும் போகப்போகத்தான் காட்டிக்கொடுக்கும். ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், தனி எம்சிபி (ட்ரிப் சுவிட்ச்), கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப்ஸ் பிரேக்கர், நல்ல எர்த்: இந்த நான்கும் இல்லாமல் நிரந்தரமாக அந்தப் பிளக்கை நம்பக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பேச்சுக்கே இடமில்லை.

சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து ஏறவே மறுத்தால், பெரும்பாலும் காரணம் எர்த். பழைய வீடுகளில் மூன்றாவது துளை பேருக்கு இருக்கும், பின்னால் ஒயர் எங்கும் போகாது. அல்லது எர்த் குழி காய்ந்து போயிருக்கும். எலெக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோடு வரவழைத்து எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட் என்றால் நல்லது, பத்துக்கு மேல் என்றால் கார் மறுப்பதில் தவறில்லை. இதைக் கார் வாங்கிய பிறகு கண்டுபிடிப்பவர்கள் முதலில் சர்வீஸ் சென்டரோடு சண்டை போடுகிறார்கள்.

சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் (மணிக்கு 7.2 யூனிட் இழுப்பது) என்றால் அதே வேலை ஐந்து மணி நேரத்தில் முடியும்; ஆனால் 6 சதுர மி.மீ. ஒயரும், ஈபியில் லோடு உயர்த்துவதும் தேவைப்படலாம். த்ரீ ஃபேஸ் இருக்கிறதே என்று 11 கிலோவாட் மாட்ட ஆசைப்படுபவர்கள், காருக்குள் இருக்கும் சார்ஜர் எவ்வளவு வாங்கும் என்று பார்க்க வேண்டும். கார் 7.2தான் வாங்கும் என்றால் சுவரில் எதை மாட்டினாலும் 7.2தான்.

பில்லையும் இங்கேயே கணக்கிட்டுவிடலாம். மாதம் 1,000 கி.மீ., யூனிட்டுக்கு 7 கி.மீ. என்றால் 143 யூனிட். இழப்பைச் சேர்த்து 157. தமிழ்நாட்டில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை: 314. ஏற்கெனவே 300 யூனிட் ஓடும் வீடு என்றால் 614. 500-ஐத் தாண்டியதும் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள அடுக்குகளுக்கும் விலை மாறுகிறது. "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்" என்று ஷோரூமில் சொல்லும் கணக்கில் இது வராது. பழைய பில்லை எடுத்து வைத்து, கூடுதல் யூனிட்டைச் சேர்த்து, புது பில்லிலிருந்து பழைய பில்லைக் கழித்து வரும் தொகையை 2,000 கி.மீ.ஆல் வகுத்தால்தான் உங்கள் வீட்டு விலை தெரியும். அப்படியும் பெட்ரோலைவிட மலிவுதான். எவ்வளவு மலிவு என்பதில்தான் வித்தியாசம்.

இரண்டாம் நாள், நீங்கள் வழக்கமாக ஊருக்குப் போகும் சாலையில் ஒரு ஃபாஸ்ட் சார்ஜருக்குப் போங்கள். 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர்வதுபோல் திட்டமிடுங்கள். 60-ல் போய்ச் செருகினால் ஒன்றும் தெரியாது. முந்தின நாளே ஆப்பை இறக்கி, பணம் போட்டு வையுங்கள். டாடா பவர், ஜியோ-பிபி, ஸ்டாட்டிக், ஸியான் என்று ஆளுக்கொரு ஆப். சாலையோரத்தில் நெட்வொர்க் இழுத்தடிக்கும்போது ஓடிபிக்குக் காத்திருப்பது நல்ல அனுபவம் அல்ல. வாங்கும் முன் ஒருமுறை அதைப் பட்டுவிடுவது நல்லது.

செருகியதும் திரையில் எத்தனை கிலோவாட் ஏறுகிறது என்று 20, 50, 80 சதவீதத்தில் குறியுங்கள். முதலில் வேகமாகவும் 80-க்கு மேல் ஆமையாகவும் ஏறும்; நிரம்பிவரும் செல்லுக்குள் அவசரமாகத் திணித்தால் அது கெடும் என்பதால் காரே வேகத்தைக் குறைக்கிறது. எனவே 80-ல் கழற்றிவிட்டுக் கிளம்புவதே கணக்கு. போர்டில் 60 கிலோவாட் என்று எழுதியிருந்தும் 30 மட்டுமே ஏறினால், அதே இயந்திரத்தின் இன்னொரு கேபிளில் வேறு கார் நிற்கிறதா பாருங்கள். பல இயந்திரங்கள் இருக்கும் சக்தியை இரண்டாகப் பிரித்துத் தருகின்றன. மதியம் மூன்று மணிக்கு நூறு கி.மீ. ஓடிவந்த பேட்டரி சூடாக இருந்தாலும் வேகம் குறையும்.

கார்கள் இங்கேதான் பிரிகின்றன. நெக்ஸான் 45-ஐ 60 கிலோவாட் இயந்திரத்தில் 10-லிருந்து 80-க்கு ஏற்ற சுமார் 40 நிமிடம் என்பது நிறுவனக் கணக்கு. கிரெட்டா எலெக்ட்ரிக்குக்கு 50 கிலோவாட்டில் 58 நிமிடம். மஹிந்திரா பிஇ 6-இன் 79 யூனிட் பேட்டரி 20-லிருந்து 80-க்கு 20 நிமிடத்தில் ஏறும் என்கிறார்கள். உண்மைதான், 175 கிலோவாட் வாங்கக் கிடைத்தால். நம் சாலையில் அதிகம் இருக்கும் 60 கிலோவாட் இயந்திரத்தில் அதே 47 யூனிட்டை ஏற்ற முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் வழியில் எந்த இயந்திரம் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் 20 நிமிடத்துக்காகக் கூடுதல் லட்சங்கள் கொடுப்பது வீண். பெரிய பேட்டரியின் நிஜமான லாபம் வேறு: நிறுத்தமே தேவைப்படாத தூரம் கூடுகிறது.

மலைக்குப் போகிறவர்கள் ஒருமுறை மலையிலும் பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் உயரம் சுமார் 1,900 மீட்டர். ஆளும் மூட்டையும் சேர்ந்து 1,800 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 9 யூனிட்டுக்குமேல் வேண்டும், சாலையில் உருளும் செலவு தனி. 45 யூனிட் காருக்கு இது தாங்கும். 24 யூனிட் டியாகோவுக்கு இது தொட்டியில் ஏறத்தாழ நாற்பது சதவீதம். இறங்கும்போது பெரும்பகுதி திரும்பிவரும், ஒரு நிபந்தனையோடு: பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். ஊட்டி ஓட்டலில் 100 வரை ஏற்றிவிட்டு இறங்கினால் ரீஜென் வேலை செய்யாது. கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க பிரேக் மட்டுமே சுமக்கும், சூடாகும். 80-ல் கழற்றிவிட்டு இறங்குங்கள்.

எந்தக் காருக்கு எந்த வழி

வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்ரோல் கார் இருக்கிறது, இது தினமும் 40, 50 கி.மீ. அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் மட்டும் என்றால், ஷோரூம் சுற்று போதும். டாடாவின் டியாகோ, பஞ்ச், எம்ஜியின் காமெட் வகையில் எது பிடிக்கிறதோ அது. வாடகைக்குச் செலவழிக்கும் பணத்தை எலெக்ட்ரீஷியனுக்குக் கொடுத்து பிளக்கைச் சரிசெய்துகொள்ளலாம். ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: 17.3 யூனிட் காமெட்டைச் சாலையோர ஃபாஸ்ட் சார்ஜரில் செருக முடியாது, அதை ஊருக்கு எடுத்துப்போகும் யோசனையே கூடாது.

மாதம் ஒருமுறை 150 கி.மீ.க்குள் போய்வருபவருக்கு அரைநாள் ஓட்டம். விண்ட்சர் 38-க்கும் நெக்ஸான் 45-க்கும் இடையே தடுமாறுபவர்கள் அநேகமாக இந்த வகை. ஒரே நாளில் இரண்டையும் ஒரே சாலையில் ஓட்டுங்கள். தனித்தனி நாளில் ஓட்டினால் வெயிலும் காற்றும் கணக்கைக் கலைத்துவிடும். விண்ட்சரில் பேட்டரியை வாடகைக்கு விடும் திட்டத்தையும் அப்போதே கணக்கிடுங்கள். அறிமுகமானபோது பேட்டரியோடு 13.5 லட்சம், பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வாடகை. வட்டியை விட்டுவிட்டால் ஒரு லட்சம் கி.மீ.யில் இரண்டும் சமம். இப்போதைய விலையை வாங்கி இதே வகுத்தலைப் போடுங்கள். மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை கி.மீ. என்று நிபந்தனை இருந்தால், குறைவாக ஓட்டுபவருக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. அதிகம் ஓட்டுபவருக்கும் ஒரு லட்சத்துக்குப் பிறகு பொருந்தாது. நடுவில் இருப்பவர்களுக்கு மட்டும், கையில் ரொக்கம் குறைவாக இருந்தால், சரி.

வீட்டுக்கே இது ஒரே கார், தீபாவளி பொங்கலுக்கு மதுரைக்கோ நெல்லைக்கோ போயாக வேண்டும் என்பவர்கள் வாடகைக்கு எடுக்காமல் புக்கிங் செய்யவே கூடாது. பண்டிகைக்கு முந்தின நாள் மாலை சார்ஜர் முன் நிற்கும் வரிசையை எந்தச் சோதனை ஓட்டமும் காட்டாது என்பதால், இவர்களுக்கு நிறுத்தமில்லாத தூரம் 300-ஐத் தாண்டும் பேட்டரிதான் பொருத்தம். அதற்குப் பணம் இல்லையென்றால், ஹைப்ரிடோ பெட்ரோலோ வாங்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

எந்த வழியில் பார்த்தாலும் சர்வீஸ் சென்டரில் நேரே போய் ஒரு கேள்வி கேளுங்கள்: பேட்டரியில் கோளாறு என்றால் இங்கேயே திறப்பீர்களா, வேறு ஊருக்கு அனுப்புவீர்களா? அனுப்புவோம் என்றால் எத்தனை நாள், அதுவரை மாற்றுக் கார் உண்டா? எட்டு வருடம், 1,60,000 கி.மீ. என்ற உத்தரவாதம் பல நிறுவனங்களில் உண்டு. சில பேட்டரிகளுக்கு அதற்கும் மேல். ஆனால் முதல் உரிமையாளருக்கு மட்டுமா, எத்தனை சதவீதத்துக்குக் கீழே திறன் இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்பதெல்லாம் சிறிய எழுத்தில்தான் இருக்கும். அந்தக் காகிதத்தின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பார்ட்மென்ட்டில் குடியிருப்பவர்களுக்கு மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முந்தின வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் மீட்டரிலிருந்து உங்கள் பார்க்கிங்வரை ஒயர் எவ்வளவு நீளம், யார் சுவரைத் தாண்டி வருகிறது என்று எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்து, அசோசியேஷனிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். வாய்ச்சொல்லாக "பார்த்துக்கலாம் சார்" என்று செயலாளர் சொன்னதை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம். அடுத்த கூட்டத்தில் செயலாளர் மாறியிருப்பார்.